முகம் உள்பக்கம்

ஹட்டன் டவுனில் நஸார் நானாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இப்போது பெயின்ட் வாளிகளும் தண்ணீர்க் குழாய்களும் குடியிருக்கின்றன. நூலும் ஜிப்பும் வாங்க டவுனுக்கு வருகிற நாட்களில் சர்மிளா எதிர்ப்பக்கம் நின்று அந்த மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பாள். ஒரு கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் டைல் பெட்டியின் அட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் நஸார் நானா கண்டுவிட்டால் விட மாட்டார்.

“என்ன மகள், மேல போய்ப் பாக்கணுமா? படியில கால் வைக்க எடமில்ல.”

“இல்ல நானா, சும்மா பாத்தேன்.”

“நீங்க எல்லாரும் சும்மாதான் பாக்குறீங்க. அந்தக் கண்ணாடிக்கி மட்டும் ஒருத்தரும் பதில் சொல்றீங்க இல்ல.”

கண்ணாடியை உடைத்தவன் லோஜன். இப்போது கட்டாரில் ஏசி பூட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்தால் முதல் கேள்வியே, “நானா கண்ணாடி போட்டாரா?” என்பதுதான். போடவில்லை என்றால் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். அந்த ஓட்டை இருக்கும் வரைக்கும் மாடி தங்களுடையது என்று ஒரு நினைப்பு.

உண்மையில் அந்த மாடி அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று சனம் களைத்துப் போனதே, அதற்கு அடுத்த வருடம். பைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கொழும்புக் கம்பனி ஒன்று ஒரு தொண்டு நிறுவனத்தோடு கைகோத்து, நானாவின் மாடியை வாடகைக்கு எடுத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டிசைனும் தொழில் தொடங்கும் வித்தையும் சொல்லிக் கொடுக்க வந்தது. மெசினும் ஆசிரியரும் கம்பனி தரும். பயிற்சி முடியும்போது ஒவ்வொரு குழுவும் தானே யோசித்து, தானே தைத்து, ஒரு மூட்டை மாதிரிப் பைகளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். கம்பனிக்குப் பிடித்தால் ஆர்டர் வரும். மெசின்களும் அந்தக் குழுவுக்கே. பிடிக்காவிட்டால் ஒரு சான்றிதழ்.

சான்றிதழுக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. கம்பியூட்டர், கேக் ஐசிங், தலைமைத்துவம் என்று லயத்து வரிசை வீடுகளின் எல்லாக் காம்பராவிலும் தகரப் பெட்டிக்குள் சான்றிதழ்கள் கிடந்தன. எதை வைத்தும் ஒரு வேளை சோறு ஆக்க முடிந்ததில்லை.

சர்மிளாவின் வீடு நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில், ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில். அப்பா செல்லசாமி முந்தின வருடம்தான் செத்திருந்தார். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். சர்மிளாவைக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சேர்த்துவிட ஆள் பிடிக்கும் பிரதாப்பிடம் அம்மா ஏற்கனவே பேசி முடித்திருந்தாள். மகள் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“ஆர்டர் வந்தா இங்கனயே இரு. வரலைன்னா முனகாம வேன்ல ஏறு.”

புடவைக் கடைக்குப் போனவர்கள் தீபாவளிக்கு வருவார்கள். கால் வீங்கி, முகம் வெளுத்து, வாயில் கொழும்புப் பேச்சோடு. லயத்தில் ஒரு வாரம் படுத்துத் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார்கள். சர்மிளாவுக்கு அது வேண்டாம். அவளுக்கு வேண்டியது அந்த மாடியில் கிடந்த மெசின்.

அந்த நாட்களைச் சுகமான நாட்கள் என்று சொன்னால் பொய். காலை பஸ்ஸில் நின்றபடி வந்து, மத்தியானம் ரொட்டியும் சம்பலும் தின்று, பனியில் விரல் மரத்துப்போய் ஊசியில் குத்திக்கொண்ட நாட்கள். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அப்படிச் சிரித்த நாள் தன் வாழ்க்கையில் வந்ததா என்று அவளால் ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

அவர்கள் குழுவில் மூன்று பேர். சர்மிளா, லோஜன், அடுத்த லயத்துத் தனுஷிகா. ஆசிரியராக வந்தவள் ஸஹ்லா. கம்பளைக்காரி. கம்பஸில் டிசைன் படித்துவிட்டு அந்தக் கம்பனியில் வேலை செய்தாள். இவர்களைவிடச் சில வயதுதான் மூப்பு. முதல் நாள் கலர்க் காகிதங்களைப் பரப்பி வைத்து, “ஒங்களச் சுத்தி ஈக்கிற பிரச்சினை ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு பேப்பர்ல எழுதுங்க” என்றாள்.

தனுஷிகா ‘மழை’ என்று எழுதினாள். சர்மிளா ‘அட்டைக்கடி’. லோஜன் ஒன்றும் எழுதாமல் கையைத் தூக்கினான்.

“மிஸ், பிரச்சினை நெறய இருக்கு. பேப்பர் பத்தாது. மிச்சமிருக்க பேப்பர வீட்டுக்குக் கொண்டு போகவா? தங்கச்சிக்கு ஸ்கூல்ல கேட்டாங்க.”

ஸஹ்லா சிரித்துக்கொண்டு பேப்பர்க் கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மிஸ் என்கிற பெயரில் வந்த ஒரு கூட்டாளி ஆகிவிட்டாள். ஆனால் பாடத்தில் விட்டுக் கொடுக்க மாட்டாள். “செஞ்ச சாமான மொதல்ல நீங்களே கொண்டு திரிஞ்சி பாருங்க. பஸ்ல, மழையில, சந்தையில. அதுக்குப் பொறகுதான் அடுத்தவன்ட கையில குடுக்கணும்” என்பாள். ஒரு பை தைத்து முடித்தால் அதில் உருளைக்கிழங்கை நிரப்பி ஹட்டன் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். கைப்பிடி பிய்ந்து கிழங்கு உருண்டு ஓட, ஊர் நின்று பார்க்க, லோஜன் அதைத் துரத்திக்கொண்டு ஓடிய நாள் ஒன்று உண்டு.

புதுத் துணி வாங்கிக் கட்டுபடியாகாது என்று மூன்று பேரும் யோசித்தபோது சந்தியில் தொங்கிய பெனர்களைக் காட்டியவன் லோஜன்தான். மலையில் மழைக்குத் தாங்குகிற சாமான் அதைவிட வேறு என்ன? தேர்தல் பெனர், டியூஷன் பெனர், திருவிழாப் பெனர் என்று காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. ஸஹ்லாவுக்கும் பிடித்துப் போயிற்று. பெனரின் முதுகுப் பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையை வெளியே வைத்து, நீல நூலால் தேயிலைக் கொழுந்து மாதிரி ஒரு கோடு ஓடவிட்டு முதல் பையைத் தைத்தார்கள். கொழும்பில் பார்த்துவிட்டு, “நல்லது, ஒரு மூட்டை அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். தேர்தல் தள்ளிப்போய்க் கொஞ்ச நாளிலேயே தேர்தல் பெனர்களெல்லாம் மாட்டுப்பட்டிக்கும் விறகுக் குவியலுக்கும் போய்விட்டன. தலைவர்மார் முகத்தில் பசு சாணி போடுவதைத் தோட்டத்தில் யாரும் குறையாக நினைப்பதில்லை. மிச்சம் இருந்தவை கண்ணீர் அஞ்சலி பெனர்கள். நல்ல தடிப்பு, கலர் போகாத அச்சு. உயிரோடு இருக்கும்வரை எதிலும் மலிவைத் தேடும் சனம், சாவு பெனருக்கு மட்டும் காசு சேர்த்துத் தரமாக அடிக்கும்.

ஆனால் செத்தவர் பெனரை யாரும் தொட மாட்டார்கள். கருமாதி முடிந்தபிறகு குடும்பத்து ஆள்தான் அவிழ்க்க வேண்டும். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். கூரை ஒழுகி வேறு வழியே இல்லாமல் தகரத்துக்குக் கீழே கட்டினால், முகம் காம்பராவைப் பார்க்கத்தான் கட்டுவார்கள். மேலே பார்க்கக் கட்டினால் மழை முகத்தில் விழும் அல்லவா. இப்படி வேலாயி அத்தை வீட்டில் அவள் புருசன் உச்சியிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது நிமிர்ந்து, “ஒறப்பு போதுமா?” என்று அத்தை அவரைக் கேட்பதை சர்மிளா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

“மத்தவங்கள்ட்ட கேக்குறதுக்கு முன்னாடி நான் எங்க அப்பாவக் கொண்டாரேன்” என்றாள் சர்மிளா.

செல்லசாமி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் குளவி கொட்டிச் செத்தவர். பெட்டிக்குள் கிடந்த முகம் வீங்கி, யாருடையது என்றே தெரியாமல் இருந்தது. சனம் அந்த முகத்தைப் பார்த்து அழவில்லை. வாசலில் கட்டியிருந்த பெனரைப் பார்த்துத்தான் மாரில் அடித்துக்கொண்டது. யாரோ கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டதில் அப்பாவின் தோளில் யாருடையதோ நாலு விரல் மட்டும் மிச்சம். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம், இரண்டு புறா. கீழே தோற்றம், மறைவு.

பெனரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தபோது அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“கொண்டு போ. கத்திரி முகத்துல படக்கூடாது.”

அதற்குப் பிறகு மற்ற வீடுகள். எல்லா வீட்டிலும் அதே வார்த்தை. கத்திரி முகத்தில் படக்கூடாது. எனவே மூன்று பேரும் பெனர்களை மாடித் தரையில் விரித்து, முகம் முழுசாக விழுகிற மாதிரி பையின் அளவை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அடியில் வைக்க முடியாது, மேலே சாமான் ஏறும். மூடியில் வைக்க முடியாது, தலைகீழாகத் தொங்குவார். உள்பக்கம், முதுகுச் சுவர், நிமிர்ந்த வாக்கில். அதுதான் சரி. வெளியே வெள்ளை, நீலக் கோடு. உள்ளே ஒவ்வொருத்தரும் நனையாமல், நசுங்காமல்.

அந்த வாரம் ஸஹ்லா கொழும்பில் இருந்தாள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை. ஒளித்ததெல்லாம் இல்லை. தைத்த பையில் நூல் முடிச்சு உள்பக்கம் இருக்கிறது என்று யாராவது போன் போட்டுச் சொல்வார்களா? அப்படித்தான். மூட்டையைக் கட்டி நானாவின் சிமெந்து லொறியில் ஏற்றிவிட்டு, ஆளுக்கொரு பிளேன் டீ குடித்துவிட்டு, ஆர்டர் வந்துவிட்ட மாதிரியே வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. தனுஷிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சர்மிளா, பைக்குள்ள யாரு?”

“எந்தப் பை மிஸ்?”

“எல்லாப் பையிலயும் யாரோ ஒராள் ஈக்கிறாங்க! செக் பண்ற புள்ள ஒண்ணத் தொறந்து பாத்துட்டு ‘அம்மோ’ன்னு கத்தி, பைய வீசிட்டா. இப்ப ரெண்டு பேர் தண்ணி குடுத்துட்டு ஈக்கிறாங்க.”

“அவளுக்கு யாரு மிஸ் வந்துச்சு?” என்று லோஜன் கேட்டான். “மீசை முறுக்குன ஆளுன்னா எங்க பெரியப்பா. அவரு உசிரோட இருக்கப்பவே அப்படித்தான், திடீர்னு பாத்தா பயந்துருவாங்க.”

“லோஜன், வாய மூடு. சிவப்பு ஜிப் பை, பின்னால வானம், புறா…”

“அது எங்க அப்பா மிஸ்” என்றாள் சர்மிளா.

ஸஹ்லாவின் குரல் இறங்கி வந்தது.

“ஏன்டி புள்ள எங்கிட்ட சொல்லல்ல? எங்கட வீட்டுல சுவத்துலயே படம் மாட்ட மாட்டாங்க. நீங்க என்னண்டா பைக்குள்ள மாட்டி கொழும்புக்கு அனுப்பீக்கிறீங்க.”

“சொல்றதுக்கு என்னா மிஸ் இருக்கு? வெளிய வைக்க முடியாதுல்ல?”

முடிந்தது கதை என்று நினைத்தார்கள். தனுஷிகா மெசின்மேல் தலையை வைத்து அழுதாள். ஆனால் கதை முடியவில்லை. அடுத்த வாரம் கம்பனியின் மார்க்கெட்டிங் மேலதிகாரியான சிங்கள நோனாவே வாகனத்தில் வந்து இறங்கினாள், ஸஹ்லாவைக் கூட்டிக்கொண்டு. நோனா நல்ல மனுசி. செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினாள். செல்லசாமியின் பையைக் கையில் எடுத்து, திறந்து, வெகு நேரம் பார்த்தாள். “ஹரி லஸ்ஸனய்” என்றாள். ரொம்ப அழகு என்று.

பிறகு பையை அப்படியே உள்புறம் வெளியே திருப்பிப் பிடித்தாள்.

ஸஹ்லா மொழிபெயர்த்தாள். முகம் வெளியே வர வேண்டும். பெரிதாக. கூடவே ஒரு சின்ன அட்டை, இவர் இன்னார், தேயிலைத் தோட்டத்தில் இத்தனை காலம் உழைத்தார் என்று இங்கிலீசில். ஐரோப்பாவில் இதற்கு ஆள் இருக்கிறது. அனுப்பிய மூட்டையைப் போலப் பல மூட்டைகளுக்கு ஆர்டர். மெசின் மட்டுமல்ல, மாடி வாடகையும் கம்பனி பொறுப்பு. பதில் திங்கட்கிழமை வேண்டும்.

நோனா இறங்கிப் போனதும் தனுஷிகா சர்மிளாவைக் கட்டிப் பிடித்தாள். லோஜன் மெசின் மேசையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறேன் என்று தூக்கி, ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். கீழேயிருந்து நானா, “என்னடா அது?” என்று கத்த, “ஆர்டர் நானா, ஆர்டர்!” என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

வீடுகளில் கேட்காமல் முடியாது. கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடும் போக முடியாது. ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார்கள். லோஜனின் பாக்கெட் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

கந்தப்பன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்கப்பன் வெளிநாடு போறாரா? எனக்கு இன்னும் பாஸ்போட்டுக்கே வழியில்ல. அனுப்பு, அனுப்பு. போய்ச் சேந்ததும் என்னய ஸ்பான்சர் பண்ணச் சொல்லு.”

வேலாயி அத்தை சிரிக்கவில்லை. “வாங்கிட்டுப் போறவ அவர எங்கன மாட்டுவா?”

“தோள்ல மாட்டிக்கிட்டுப் போவாங்க அத்த.”

“பேரு தெரியாதவ தோள்லயா? பேச்சு கொடுக்காட்டி அவருக்குச் சோறு எறங்காதே புள்ள.” கொஞ்ச நேரம் உச்சியைப் பார்த்தாள். பெனர் போன இடத்தில் தகரம் மட்டும் தெரிந்தது. “ஒங்க பொழப்பு கெடக்கூடாது. நான் வேணாம்னு சொல்லல. ஒனக்கு சரின்னா செய்யி.”

அம்மாவும் அதையேதான் சொன்னாள். உனக்குச் சரி என்றால் செய். யாராவது ஒருத்தர் ஓங்கி ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் சர்மிளாவுக்கு லேசாக இருந்திருக்கும், சண்டை போட்டாவது சம்மதம் வாங்கியிருப்பாள். எல்லோரும் அவள் கையிலேயே விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, நோனா விட்டுப்போயிருந்த அப்பா பையை உள்புறம் வெளியே திருப்பி, தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸஹ்லா சொல்லிக் கொடுத்ததுதான், முதலில் நீயே கொண்டு திரி. எல்லாம் சரியாக இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா நின்று பார்த்து, தொப்பியைத் தொட்டார். உயிரோடு இருந்த செல்லசாமிக்கு அவர் ஒருநாளும் தொப்பியைத் தொட்டதில்லை. சர்மிளாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் சந்தியில் தூறல் பிடித்தது. ஒரு துளி அப்பாவின் நெற்றியில் விழுந்தது. சால்வை நுனியால் துடைத்தாள். கன்னத்தில் இன்னொன்று. துடைத்தாள். கண்ணில் ஒன்று விழுந்து அது வழிகிறபோது அழுவதுபோலவே இருந்தது, அதையும் துடைத்தாள். பஸ் வந்து நின்று, கண்டக்டர், “ஏறுறியா இல்லயா தங்கச்சி?” என்று கத்தியபோதுதான், தான் வந்த நேரத்திலிருந்து வேறு ஒரு வேலையும் செய்யாமல் துடைத்துக்கொண்டே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வாங்கிப் போகிறவள் துடைக்க மாட்டாள். அவள்மேல் பிழையில்லை. அவளுக்கு அது பை.

மாடியில் தனுஷிகாவிடம்தான் முதலில் சொன்னாள்.

“ஒனக்கென்னா பைத்தியமாடி?” தனுஷிகா கையிலிருந்த நூல் கட்டையை எறிந்தாள். “நாலு துளி மழைக்காக மூணு பேரு பொழப்பையும் கெடுக்கிறியா? செத்தவங்களுக்கு என்னா தெரியும்? நாமதான உசிரோட இருக்கோம்!”

“மத்தவங்களப் போடு. நான் தடுக்கல. எங்க அப்பாவ மட்டும் தர மாட்டேன்.”

“அப்ப நான் மட்டும் எங்க மாமாவ விக்கிறவளா?”

எறிந்த நூல் கட்டையைத் தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து சர்மிளா பக்கத்தில் உட்கார்ந்தாள். லோஜன் சுவரில் சாய்ந்தபடி, “பெரியப்பா முகத்தப் பாத்தா பை வாங்க வந்தவ கடைய விட்டே ஓடிருவா. நமக்கு அது நஷ்டம்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஸஹ்லா வந்ததும் சர்மிளாவே சொன்னாள். முகம் உள்ளே என்றால் தைப்போம். வெளியே என்றால் முடியாது. ஸஹ்லா அங்கேயே நோனாவுக்குப் போன் போட்டு நெடுநேரம் சிங்களத்தில் வாதாடினாள். முகம் உள்ளே இருந்தால் கடையில் யாருக்குத் தெரியும், வெறும் வெள்ளைப் பை எல்லா இடத்திலும் இருக்கிறது என்றது மறுமுனை. அதிலும் நியாயம் இருந்தது.

போனை வைத்துவிட்டு ஸஹ்லா சர்மிளாவைப் பார்த்தாள்.

“இப்பிடி ஒரு ஆர்டர் இந்தப் பக்கம் திரும்பவும் வராது. வெளங்குதா?”

“வெளங்குது மிஸ்.”

“கோவம் கோவமா வருது ஒன்மேல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்றேன். அவங்கவங்க வீட்டுல குடுத்துடுங்க.”

மாதக் கடைசியில் மெசின்களை ஏற்ற லொறி வந்தது. அதற்கு முன்னாலேயே லோஜன் மூலையில் இருந்த மெசினுக்குள் கையை விட்டு ஏதோ ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தான். டிரைவர் மிதித்துப் பார்த்தான். கடகடவென்று சத்தம் வந்தது, தையல் விழவில்லை. லோஜன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இது அப்பயிலருந்தே ஓடாது மாத்தியா” என்றான். அவன் சட்டைப் பை எடையில் இழுபட்டுத் தொங்குவது ஸஹ்லாவுக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் டிரைவரிடம் சிங்களத்தில், “பழுதானதை ஏற்றி என்ன செய்ய, விட்டுவிடு, நான் சொல்லிக்கொள்கிறேன்” என்றாள். படியில் இறங்கும்போது லோஜனின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டுப் போனாள்.

இன்றைக்கும் நூல் கடையில் நின்று கலர் பொறுக்குகிறபோது சர்மிளாவுக்கு அந்தக் காது சிவந்தது ஞாபகம் வரும். ஸஹ்லா அந்தக் கம்பனியிலிருந்து விலகிக் கம்பளையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவாள். தனுஷிகா கல்யாணம் கட்டி உடப்புசல்லாவைக்குப் போய்விட்டாள். பழைய குழு மூன்று பேரும் சேர்ந்து ஒரு மேசையில் இருந்து ரொட்டி தின்ன இனி எந்தக் காலம் வரப்போகிறது.

கழற்றியதை லோஜன் திரும்பப் பூட்டிவிட, அந்த மெசின் சர்மிளாவின் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. ஆர்டர் இல்லாத மெசின். பிரதாப் அடுத்த வாரம் வேனோடு வருவதாகத் தகவல் அனுப்பியிருந்தான். அம்மா மகளின் துணிகளைத் துவைத்துக் காயப் போட்டாள்.

திரும்பி வந்த பைகளை மூன்று பேரும் வீட்டுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலாயி அத்தை பையைத் திறந்து புருசனைப் பார்த்தாள். மறுநாள் சோற்று டப்பாவையும் தண்ணீர்ப் போத்தலையும் அதற்குள் வைத்து மலைக்குக் கொண்டு போனாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது பையைத் திறந்து, “இன்னைக்கி கருவாடு. ஒறப்பு கொஞ்சம் கூட” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். சுற்றி இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எந்த மழைக்கும் நனையாமல், காற்றுக்குக் கிழியாமல், ஆள் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயந்தரமே கீழ்ப்பிரிவிலிருந்து ஒருத்தி சுருட்டிய பெனரோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு கந்தப்பன் அண்ணன், “வெளிநாடுதான் போகல, எங்கூடயாவது வேலைக்கி வரட்டும்” என்று இரண்டாவது பைக்கு. கம்பனி கண்ட கனவில் இது ஒரு கிள்ளுகூட இல்லை. ஆனாலும் சர்மிளா உட்கார்ந்து தைத்தாள்.

“இதெல்லாம் ரெண்டு நாளைக்குடி” என்றாள் அம்மா. “எல்லா வீட்டுலயும் தைச்சி முடிஞ்சா அப்பறம் யாரு சாவாங்கன்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பியா?”

சர்மிளா அடுத்த பெனரைத் தரையில் விரித்தாள்.

வேன் வரவேண்டிய காலையில் சர்மிளாவின் உடுப்புப் பை கட்டித் தயாராக இருந்தது. அப்போது வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். தெரியாத முகம். காலில் சேறு, கக்கத்தில் சுருட்டிய பெனர்.

“பட்டிப்பொலயிலருந்து வாறேன் தாயி. நானுஓயாவுல எங்க அண்ணன் மக சொன்னா, இங்கன ஒரு புள்ள முகத்துல கத்திரி படாம தைக்கும்னு.”

அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு போயிருந்தது. சர்மிளா பெனரைத் தரையில் விரித்தாள். பையன். இருபது வயதுகூட இருக்காது. நீல வானம், புறா, தோற்றம், மறைவு. அந்த அம்மா பக்கத்தில் குந்தினாள்.

“நீ வெட்டு. நான் இவன் முகத்த மூடிப் புடிச்சிக்கிறேன். அவனுக்குச் சின்னதுலருந்தே கத்திரின்னா பயம். முடிவெட்டப் போனாலும் நான்தான் கூடப் போகணும்.”

இரண்டு கைகளையும் விரித்து மகனுடைய முகத்தின்மேல் வைத்தாள். தேயிலைக் கறை ஏறிய, வெடித்த கைகள்.

கீழ் ரோட்டில் ஹோர்ன் அடித்தது. ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை.

சர்மிளாவின் அம்மா வாசலில் நின்றாள். கட்டிவைத்த பையைப் பார்த்தாள், தரையில் விரித்த பெனரைப் பார்த்தாள், அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தாள். மலையில் மழைக்குப் போடுகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவள் குரல் கேட்டது, மலையில் அடுத்த நிரைக்குக் கூப்பிடுகிற அதே குரல்.

“அவ வரல தம்பி! ஆளு வந்திருக்கு, கையில வேல இருக்கு! நீங்க போங்க!”

பிரதாப் ஏதோ திருப்பிக் கத்தினான். அம்மாவும் கத்தினாள். கொஞ்சம் பொறுத்து வேன் உறுமிக்கொண்டு திரும்பியது.

சர்மிளா கத்திரியை எடுத்தாள்.

“அழுத்திப் புடிங்கம்மா” என்றாள். “தோள்பட்டைகிட்ட வரப் போறேன்.”